வியட்நாமில் சைக்கிள்: அந்த நேர்கோட்டை நம்பாதீர்கள்

நவம்பர் பிறந்தால் போதும், ஹோ சி மின் நகரில் (பழைய பெயர் சைகோன்) என் போன் அடிக்கத் தொடங்கிவிடும். சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று எங்கிருந்தாவது ஒருவர், "ஹனோயிலிருந்து சைகோன் வரைக்கும் மிதிக்கப் போறோம், என்னென்ன பார்த்துக்கணும்?" என்பார். தண்ணீர் நிறையக் குடிக்கணும், இருட்டியபின் ஓட்டக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாத இடங்களில்தான் வருஷா வருஷம் ஒரே தப்பு, ஆட்கள் மட்டும் புதுசு.

கண்ணாடியை வலது கைப்பிடியில் மாட்டுவது

இங்கே எல்லாரும் சாலையின் வலப்பக்கம் போகிறார்கள். லாரி நம் இடது தோளை உரசிக்கொண்டு போகும். ஆகவே பின்புறக் கண்ணாடி இடது கைப்பிடியில் இருக்கவேண்டும். ஊரில் மாட்டியபடியே கொண்டுவந்து, நாளெல்லாம் அதில் வயலையும் வாழைத்தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

முதல் சிக்னலில் பதறி நிற்பது

சைகோன் நெரிசலில் நீங்கள் அடுத்து எங்கே இருப்பீர்கள் என்று கணித்துத்தான் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்கள் விலகுகின்றன. மெதுவாக, ஒரே வேகத்தில் போனால் கூட்டம் உங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். திடீரென்று பிரேக் பிடித்தால் கணக்கு தப்பி, பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார். சந்திலிருந்து வெளியே வருகிறவர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். அவரைப் பார்த்து ஒதுங்குவது உங்கள் பொறுப்பு. இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

ஹார்னுக்குக் கோபப்படுவது

"பின்னால் வருகிறேன்" என்பதற்கு அடிக்கிறார். போய்க்கொண்டே இருங்கள்.

ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் முழுப் பயணத்தையும் போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். போனில் ஹனோய், சைகோன் என்று இரண்டு ஊரை அடித்தால், கடலோரமாக ஒரு நீலக்கோடு வந்து நிற்கும். சீன எல்லையிலிருந்து தென்கோடியில் கா மாவ் வரை சுமார் 2,300 கி.மீ. ஓடுகிற ஒன்றாம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. ஏற்றம் குறைவு, வழிநெடுக ஊர், ஊருக்கு ஊர் தங்கும் விடுதி, குறைந்த தூரம். முதல்முறை வருகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் சரக்கு வண்டிகளும் அதே தாரில்தான் போகின்றன. கன்டெய்னர் லாரி, சிமென்ட் லாரி, நேரத்தைத் துரத்தும் ஸ்லீப்பர் பஸ் எல்லாம் அதில் உண்டு. நமக்கு விட்டிருப்பது மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் பங்குபோட்டுக்கொள்கிற ஓரப்பட்டை. அங்கேதான் காயப்போட்ட நெல் கிடக்கும், நின்றுபோன லாரி நிற்கும், மணல் சிந்திக் கிடக்கும்.

இதையெல்லாம்விட மோசம், எதிரில் வருகிறவர். நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் நடுவே சிமென்ட் தடுப்பு இருக்கிறது. திரும்புவதற்கான இடைவெளி தள்ளி எங்கோ இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நான்கு கடை தாண்டிப் போவதற்கு அவ்வளவு தூரம் சுற்றமாட்டார். உங்கள் ஓரப்பட்டையிலேயே, சாலை விளிம்பை ஒட்டி, ஹேண்டில் பாரில் கோழிக்கூடையோடு எதிரே வருவார். அவர் விளிம்பை விடமாட்டார். நீங்கள்தான் இடதுபுறம், லாரி பக்கம் விலகவேண்டும். இந்தியாவிலிருந்து வருகிற கைக்கு இடதுபக்கம் விலகுவது பழக்கமானது என்பதுதான் இதில் ஆபத்து. ஊரில் இடதுபக்கம் என்றால் மண் ஓரம், இங்கே லாரியின் சக்கரம். எதிரே ஒருவர் வருவது தெரிந்ததும் முதலில் கண்ணாடி, பிறகுதான் கை. பின்னால் லாரி இருந்தால் நின்று, காலை ஊன்றி, அவரைப் போகவிடுங்கள்.

ஒருமுறை கோவையிலிருந்து வந்த இரண்டு தம்பிகளுக்கு இதையெல்லாம் படம் போட்டுக் காட்டினேன். "சரிதாண்ணா, ஆனா அந்த மலைச்சாலையெல்லாம் ஏற முடியாதுன்னு சொல்றாங்களே" என்றான் ஒருவன். வழியில், நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிற ஹாய் வான் கணவாயைச் சொல்கிறான். மலைக்குப் பயந்து நெடுஞ்சாலையைப் பிடித்தார்கள். பாதி வழியில் குவாங் ங்காய் ஊர் வந்தபோது ஒருவனுக்குப் புகையில் தொண்டை கட்டிவிட்டது, இன்னொருவனுக்கு ஹார்ன் சத்தத்தில் தலைவலி. சைக்கிளை பஸ்ஸின் அடியில் போட்டுக்கொண்டு சைகோன் வந்து சேர்ந்தார்கள். விடுமுறையும் போச்சு, காசும் போச்சு.

ஹாய் வான் உச்சி 500 மீட்டருக்குச் சற்றே குறைவு, ஏற்காட்டில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. 2005-இல் 6 கி.மீ.க்கு மேல் நீளமான சுரங்கப்பாதை திறந்த பிறகு லாரியும் பஸ்ஸும் பெரும்பாலும் மலைக்குள்ளே புகுந்து போகின்றன. சுரங்கத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மேலே பழைய சாலையில் மோட்டார் சைக்கிள்களும், எரிபொருள் டேங்கர்களும், படம் எடுக்கிற கூட்டமும்தான். தெற்கே கூ மோங், டேயோ கா கணவாய்களிலும் இதே கதை: சுரங்கம் வந்தது, கனரக வண்டிகள் அதில் போயின, பழைய மலைச்சாலைக்கு மூச்சு வந்தது. பயப்படவேண்டியது சமவெளிக்கு.

அப்படியானால் எந்த வழி? இரண்டு பெரிய ஊர்களை மட்டும் அடிக்காமல், இடையில் கடலோர ஊர்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு போங்கள். ஹுவேயிலிருந்து துவான் ஆன் கடற்கரைக்கு இறங்கி, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே 49பி சாலையில் போய், தூ ஹியென் பாலத்தில் கடந்தால் நெடுஞ்சாலையில் மிதிக்கவேண்டிய தூரம் வெகுவாகக் குறையும். குய் ஞோனிலிருந்து சோங் காவ் வரை 1டி என்ற கிளைச்சாலை கடலைப் பார்த்தபடியே போகிறது. ஃபான் ராங்குக்கு வடக்கே வின் ஹி விரிகுடாவைச் சுற்றும் சாலை, முய் நேவுக்கு வடக்கே மணல்மேடுகளின் ஓரமாகப் போகும் சாலை, இரண்டையும் விடாதீர்கள். அங்கங்கே ஒன்றாம் எண் சாலையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். தொட்டுவிட்டு விலகிவிடுங்கள்.

கடலைவிட்டு உள்ளே தள்ளிப் போகும் வழி வேண்டுமென்றால் ஹோ சி மின் சாலை. அதன் மேற்குக் கிளையில் கே சானிலிருந்து ஃபோங் ஞா வரை 200 கி.மீ.க்கு மேல் கடையும் விடுதியும் அபூர்வம், ஏற்றம் அதிகம். சாப்பாடும் தண்ணீரும் கையோடு இருக்கவேண்டும். கால் பழகாமல் அங்கே போகாதீர்கள்.

தெற்கிலிருந்து வடக்கே கிளம்புவது

நமக்கு நன்றாகத் தெரிந்த அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் இங்கேயும். குளிர்காலத்தில் சைகோனில் கிளம்பி ஹனோய் நோக்கிப் போனால் கடலோரம் முழுக்க முகத்தில் அறையும். ஹனோயில் தொடங்குங்கள். இன்னொன்று: சென்னையில் மழை கொட்டும் அக்டோபர், நவம்பரில்தான் ஹுவே, ஹோய் ஆன் பக்கமும் வெள்ளத்தில் மிதக்கும். காற்றைப் பிடிக்கிறேன் என்று அந்த மாதங்களில் நடுப்பகுதிக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு பீர்தானே என்பது

2020 ஜனவரியிலிருந்து சைக்கிள்காரருக்கும் அபராதம் உண்டு. அனுமதிக்கப்பட்ட அளவு: பூஜ்யம்.

டெட் சமயத்தில் வருவது

சந்திரப் புத்தாண்டுக்கு நாடே ஊருக்குப் போகும். சாலை நிரம்பும், கடை மூடும். தேதி பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

சைவம் கிடைக்காது என்று பிஸ்கட்டில் ஓட்டுவது

புத்தமத வழக்கப்படி பௌர்ணமியன்றும் சந்திர மாதத்தின் முதல் நாளன்றும் பலர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள். "கோம் சாய்" என்று கேளுங்கள், சைவச் சாப்பாடு வரும். சாதாரணக் கடையில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் விழும், அதற்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

மெல்லிய வால்வு ட்யூபை மட்டும் கொண்டுவருவது

காற்றடிக்கும் கம்ப்ரசரோடு ஒரு பஞ்சர் கடைக்காரர் எந்தக் கிராமத்திலும் இருப்பார். அவர் குழாயின் முனை மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. ரேஸ் சைக்கிளின் ஒல்லி வால்வில் அதை வைத்துப் பார்த்து, தலையைச் சொறிவார். சுண்டுவிரல் நகம் அளவில் பித்தளை அடாப்டர் ஒன்று இருக்கிறது. ஊரிலேயே வாங்கி, ஒன்றை வால்விலேயே திருகிவையுங்கள், இன்னொன்றை பர்சில் போடுங்கள்.