முட்டு (மூச்சுத்திணறல்) வந்தவரைப் பராமரிக்கும்போது: வாட்டிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலைச் சுற்றுக்கு முன் நிரப்பிய அவதான அட்டைகளை வரிசையாகப் பாருங்கள். சுவாச வீதம் என்ற கட்டத்தில் 20, 20, 18, 20 என்று ஓடும். காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது, பிரசருக்குக் கருவி இருக்கிறது, ஒட்சிசனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சை எண்ணத்தான் கண்ணும் மணிக்கூடும் ஒரு நிமிடப் பொறுமையும் வேண்டும். அதனால் அது ஊகத்தில் எழுதப்படுகிறது. ஆனால் ஒருவர் மோசமாகிறார் என்று பெரும்பாலும் முதலில் சொல்வது அந்த எண்தான். கிளிப்பில் ஒட்சிசன் 96 வீதத்தில் நிற்கும். அதை அங்கே நிறுத்திவைக்க அவர் நிமிடத்துக்கு 34 தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். களைத்துப்போன பிறகுதான் 96 கீழே இறங்கும்.

குழந்தையின் மூச்சை 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது தவறு. கைக்குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. சிறிது வேகமாக விடும், சற்று நிற்கும், மறுபடி தொடங்கும். முழு 60 செக்கன் எண்ண வேண்டும். தாயின் மடியில் இருக்கும்போதே, அழாத, பால் குடிக்காத நேரம் பார்த்து, சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டு எண்ணுங்கள். ஸ்டெதஸ்கோப்பை வைப்பதும் வெப்பமானியைச் செருகுவதும் அதற்குப் பிறகு. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40: இவையோ இவற்றுக்கு மேலோ வந்தால் அது வேகமூச்சு. எல்லைக்கு அருகில் வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். சட்டையைத் தூக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூச்சு உள்ளே போகும்போது கீழ் விலா வெளியே வராமல் உள்ளே குழிகிறதா என்பது துணிக்கு மேலால் தெரியாது. மூக்குத் துவாரம் விரிவதையும், மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் வரும் சின்ன முனகலையும் அந்த ஒரு நிமிடத்திலேயே பிடித்துவிடலாம்.

பெரியவருக்கு "உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடியைப் பிடித்தபடியே நெஞ்சைப் பாருங்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவரிடம் பெயரையும் ஊரையும் ஒரே மூச்சில் கேளுங்கள். வசனத்தை முடிக்க முடியாவிட்டால், அல்லது மூச்சு 25ஐயோ நாடி 110ஐயோ எட்டினால், அது கடுமையான முட்டு. இங்கே நடக்கும் பெரிய பிழை, இழுப்புச் சத்தம் நின்றதும் "குறைந்துவிட்டது" என்று எழுதுவது. சத்தம் வரக் காற்று ஓட வேண்டும். காற்றே ஓடாத நெஞ்சிலும் சத்தம் இராது. நோயாளி சோர்ந்து, பேச்சுக் குறைந்து, நெஞ்சும் அமைதியானால் உடனே டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

கிளிப்பை நம்பலாம், ஆனால் அது எண்ணும் நாடியும் கையால் எண்ணிய நாடியும் ஒத்துப்போனால்தான். குளிர்ந்த விரல், நகப்பூச்சு, கலியாண வீட்டில் தடிப்பாகப் போட்ட கறுத்த மருதோண்டி, அதே கையில் ஊதப்படும் பிரசர் பட்டி எல்லாம் எண்ணைக் கெடுக்கும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, விரலை மாற்றி, இல்லையென்றால் காது மடலில் வைத்துப் பாருங்கள். அடைபட்ட இடத்தில் தீப்புகையைச் சுவாசித்தவருக்கு 99 காட்டினாலும் ஒட்சிசனைக் கழற்றக்கூடாது. கார்பன் மொனொக்சைட்டையும் இந்தக் கிளிப் ஒட்சிசன் என்றே கணக்கெடுக்கும்.

ஒட்சிசன் ஒரு மருந்து. அதற்கும் அளவு உண்டு. பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு 94 முதல் 98 வீதம். நெடுங்காலம் சுருட்டுக் குடித்தோ விறகடுப்புப் புகைக்குள் சமைத்தோ நுரையீரல் கெட்டுப்போய், கரியமிலவாயு உடலில் தேங்கக்கூடியவர்களுக்கு 88 முதல் 92. இவர்கள் 82உடன் வந்ததும் பதறிப்போய் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லீற்றர் ஒட்சிசனைத் திறந்துவிடுவதும், கால் மணித்தியாலத்தில் 99 வந்ததைப் பார்த்து நிம்மதியடைவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த 99க்குப் பின்னால் கரியமிலவாயு ஏறிக்கொண்டிருக்கும். தலையிடிக்கிறது என்பார், கை வெதுவெதுப்பாகும், நீட்டிய கைகள் படபடக்கும், பிறகு கண் சொருகும். "இரவெல்லாம் முட்டு, இப்பதான் நித்திரை கொள்ளுறார், எழுப்பாதேங்கோ" என்று உறவினர் சொல்வார்கள். எழுப்பித்தான் பார்க்க வேண்டும். அதற்காக ஒட்சிசனைச் சட்டென்று முழுதாகப் பிடுங்குவது அதைவிடப் பெரிய பிழை, அளவு தொடக்கத்தில் இருந்ததற்கும் கீழே விழும். டொக்டருக்கு அறிவித்து, 88–92க்குள் நிற்கும்படி படிப்படியாக இறக்குங்கள்.

இப்படியானவர்களுக்கு, வால்வால் வெளிக்காற்றைக் கலந்து குறித்த வீத ஒட்சிசனை மட்டும் கொடுக்கும் வென்சூரி மாஸ்க் நல்லது. நீல வால்வு 24 வீதம், வெள்ளை 28. எத்தனை லீற்றர் ஓட விட வேண்டும் என்பது வால்விலேயே இருக்கும். வால்வின் பக்கத்துளைகளால் வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். மாரிக் குளிருக்குப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடும்போது அந்தத் துளைகள் மூடப்பட்டால், எழுதிக்கொடுத்த வீதம் ஒன்று, அவர் சுவாசிப்பது வேறொன்று. சாதாரண மாஸ்க்கை 5 லீற்றருக்குக் கீழே ஓட விடாதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப வாங்குவார். பை வைத்த மாஸ்க்கில் பை முதலில் நிரம்ப வேண்டும், 10 முதல் 15 லீற்றர். வீட்டில் ஒட்சிசன் இருந்தால் அந்த அறையில் குத்துவிளக்கு, சாம்பிராணி, நுளம்புத்திரி எதுவும் வேண்டாம். உதடு காய்கிறதென்று வாசலின் பூசவும் வேண்டாம்.

திரவ மருந்தைப் புகைபோல் நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கக் கொடுக்கும், "புகை பிடிக்கிறது" என்று நாங்கள் சொல்லிப் பழகிய நெபுலைசரில் பிழை விட நிறைய இடம் இருக்கிறது. பிள்ளை அழுகிறதென்று மாஸ்க்கை முகத்திலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிப்பார்கள். புகை கண்ணுக்குத் தெரியும், ஆனால் மருந்து அறைக்குள் போய்விடும். வீறிட்டு அழும் பிள்ளைக்கு மாஸ்க்கை அழுத்திப் பிடித்தாலும் நெஞ்சுக்குள் போவது கொஞ்சம்தான். மடியில் நிமிர்த்தி இருத்தி, ஆற்றிவிட்டு, மூக்கோடும் வாயோடும் பொருந்த வையுங்கள். மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் உள்ள சல்பியூட்டமோல் கரைசலில் 2.5 மில்லிகிராம் என்றால் 0.5 மில்லிலீற்றர். அதோடு 3.5 மில்லிலீற்றர் சேலைன் சேர்த்து மொத்தம் 4 ஆக்க வேண்டும். சேலைனுக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்தால் அந்த நீரே மூச்சுக்குழாயை இறுக்கும். ஓட்டம் 6 முதல் 8 லீற்றர். 3இல் ஓட்டினால் துளிகள் பெருத்துத் தொண்டையிலேயே படியும். கிண்ணம் சரியக்கூடாது. தொய்வுக்கு ஒட்சிசனால் ஓட்டுவதுதான் சரி. மேலே சொன்ன, கரியமிலவாயு தேங்குபவர்களுக்குக் காற்றால் ஓட்டி, தேவையான ஒட்சிசனை மூக்குக்குழாயில் தனியாகக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் 15–20 நிமிடத்தில் மூச்சை மறுபடி எண்ணாவிட்டால், பிடித்த புகை பலன் தந்ததா என்று யாருக்குமே தெரியாது.

உண்மையில் பம்ப்பும் (இன்ஹேலர்), அதன் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவையும் கைவசம் இருந்தால் அநேகமான முட்டுக்குப் புகை தேவையே இல்லை. பம்ப்பைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரு அழுத்து, ஐந்து சாதாரண மூச்சு. மறுபடி குலுக்கி அடுத்த அழுத்து. ஐந்தாறு அழுத்தை ஒன்றாக அடித்தால் துளிகள் சேர்ந்து ஸ்பேசரின் சுவரில் ஒட்டிவிடும். ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தானாகக் காய விடுங்கள். துவாயால் துடைத்தால் நிலைமின் ஏறி மருந்தை இழுக்கும். ஸ்ரீரொயிட் பம்ப்புக்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தூள் அடைத்த கூட்டுக்குளிகை வேறு வகை: அதைக் கருவியில் போட்டு உடைத்து, வேகமாக ஆழமாக உறிஞ்ச வேண்டும். தண்ணீரோடு விழுங்கிவிட்டு "மருந்து கேக்கேல்ல" என்று கிளினிக்குக்கு வருபவர்களும் உண்டு. அதனால் "விளங்குதா?" என்று கேட்காமல், செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். கச்சான் காற்றில் புழுதி எழும் மாதங்களிலும், தம்பலகாமம் பக்கம் பெரும்போக அறுவடையின் உமித்தூசி பறக்கும் நாட்களிலும் தடுப்புப் பம்ப்பை விட்டுவிடக்கூடாது. முட்டு இல்லாத நாளில் அதை நிறுத்துவதுதான் வழக்கமான பிழை.

தடிமன் பிடித்த கைக்குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுவது இன்னும் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அங்கே ஒருவகை நியூமோனியாவை உண்டாக்கும். கற்பூரமும் மென்தோலும் கலந்த தைலம் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம். வேது பிடிக்க வைத்த கொதிநீரால் பிள்ளைகள் வெந்ததுதான் மிச்சம். மூக்கு அடைத்தால் பால் கொடுக்குமுன் இரண்டு துளி சேலைன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால். வழக்கத்தில் பாதி கூடக் குடிக்காவிட்டால் வைத்தியசாலை. நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கும் குழந்தைக்கு வாயால் பால் ஊட்டினால் புரையேறும். குழாயால் பாலா, நாளத்தில் சேலைனா என்பதை டொக்டர் சொல்லட்டும். குரைப்பது போல் இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரக்கும் பிள்ளையின் தொண்டைக்குள் கரண்டி வைத்துப் பார்க்காதீர்கள். அழுதாலே மூச்சுக்குழாய் இன்னும் ஒடுங்கும்.

ஒரு பக்க நியூமோனியா உள்ள பெரியவரை நல்ல பக்கம் கீழே இருக்கப் படுக்க வைத்தால் பெரும்பாலும் ஒட்சிசன் ஏறும். கைக்குழந்தைக்கு இது நேர்மாறு, நல்ல பக்கம் மேலே. இரத்தம் துப்புபவருக்கோ நோயுள்ள பக்கம் கீழே, இல்லாவிட்டால் இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் வழியும்.

சளி உறிஞ்சும் குழாய், நோயாளிக்குப் போட்டிருக்கும் செயற்கைச் சுவாசக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. உள்ளே போகும்போது உறிஞ்சாமல், வெளியே எடுக்கும்போது மட்டும் 10 செக்கனுக்குள் முடியுங்கள்.

நெஞ்சில் தேங்கிய காற்றையோ நீரையோ வெளியேற்ற நெஞ்சுக் குழாய் போட்டவரை எக்ஸ்ரேக்குத் தள்ளிப்போகும்போது, குழாய் முடியும் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிலின் மேல் வைத்தால் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பும். எப்போதும் நெஞ்சுக்குக் கீழே பிடியுங்கள். பாதுகாப்பு என்று நினைத்துக் கிளாம்ப் போடாதீர்கள். குமிழி வரும் குழாயை அடைத்தால் வெளியேற வழியில்லாத காற்று நெஞ்சுக்குள் தேங்கி நுரையீரலையும் இதயத்தையும் அமுக்கும்.

ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கமிருந்து திருகோணமலை நகருக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். கடுமையான முட்டு என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்துவிட்டு, வண்டி வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நான்கு முதல் ஆறு அழுத்து, 20 நிமிடத்தில் மறுபடி. அழுத்திய எண்ணிக்கையையும் நேரத்தையும், எண்ணிய மூச்சையும் ஒரு துண்டில் எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். அடுத்த மருந்தை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுக்க அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.