முடக்குவாதக்காரர்கள் கண் விஷயத்தில் செய்யும் தவறுகள்

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மூட்டோடு நிற்கிற நோய் இல்லை. நோய் புதிதாகத் தெரியவந்தவர்கள் விரல் வீக்கத்தைக் கவனிக்கிற அளவுக்குக் கண்ணைக் கவனிப்பதில்லை. கண்ணைக் கசக்காதீர்கள், தூசியில் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பார்வையையே பறிக்கக்கூடிய தவறுகள் வேறு.

வலியோடு சிவந்த கண்ணை மெட்ராஸ் ஐ என்று விடுவது

இந்த ஒரு தவறால் போகிற பார்வையில் பெரும்பகுதி, நேரத்தோடு வந்திருந்தால் காப்பாற்றக்கூடியது. நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்: கண் சிவக்கிறது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் சொட்டு வாங்கி விடுகிறார்கள். குறையவில்லை என்றதும் வேறொரு சொட்டு. மூட்டுக்கு ஏற்கெனவே போடும் வலி மாத்திரையால் கண்வலியும் சற்றுத் தணிவதால், சரியாகிவருகிறது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். இத்தனை நாளும் அழற்சி இருந்தது வெள்ளைவிழியின் கெட்டியான சுவரில். அதற்கு ஸ்கிளிரைட்டிஸ் என்று பெயர்.

தொற்றாக இருந்தால் பீளை வரும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், உறுத்தும். ஸ்கிளிரைட்டிஸ் வலி உள்ளே குடையும். நெற்றிக்கும் தாடைக்கும் பரவும், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும், விழியை அசைத்தால் கூடும். சிவப்பிலும் நீலம் கலந்திருக்கும். இந்த நிறம் குழல்விளக்கில் தெரியாது, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மருத்துவர் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரின் சொட்டு விட்டுப் பார்ப்பார். மேலோட்டமான எபிஸ்கிளிரைட்டிஸ் என்றால் சில நிமிடங்களில் சிவப்பு வெளுக்கும். அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆழத்துச் சிவப்பு வெளுக்காது.

சொட்டு மருந்து மட்டும் இதற்குப் போதாது. மாத்திரையோ ஊசியோ கொடுத்து உடல் முழுவதும் அழற்சியை அடக்க வேண்டும். திசு அழுகும் வகை என்றால் உடம்பில் வேறிடத்து ரத்தக்குழாய்களிலும் அழற்சி இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. அதனால் கண் மருத்துவரோடு வாத மருத்துவருக்கும் அன்றே தகவல் போக வேண்டும்.

வலி இல்லை என்பதும் நிம்மதிக்குக் காரணம் ஆகாது. பல ஆண்டு முடக்குவாதம் உள்ளவர்களுக்கு வெள்ளைவிழி வலியோ சிவப்போ இல்லாமலே மெலிந்து, உள்ளிருக்கும் திசு நீலச்சாம்பல் திட்டாகத் தெரிய ஆரம்பிக்கும். சின்ன அடி பட்டாலும் கிழிந்துவிடலாம். கருவிழியின் ஓரத்தில் பிறை வடிவில் வெண்மையோ பள்ளமோ தெரிந்து, நீர் வடிந்து, வெளிச்சம் கூசினால் அது ஓரப்புண். சில நாட்களிலேயே கருவிழி துளைபட்டுவிடலாம்.

வறட்சிக்குக் கைக்குக் கிடைத்த சொட்டை விடுவது

முடக்குவாதத்தில் அதிகம் காணப்படும் கண் தொல்லை வறட்சிதான். கண்ணில் நீர் வடிகிறதே, வறட்சி எப்படி இருக்கும் என்று பலர் ஏமாறுகிறார்கள். எரிச்சலுக்கு எதிர்வினையாகவும் நீர் சுரக்கும். கீழ் இமையில் காகிதப் பட்டை வைத்துப் பார்க்கும் ஷெர்மர் சோதனையில் 5 நிமிடத்தில் காகிதம் 5 மி.மீ.க்கு மேல் நனையாவிட்டால் வறட்சி கடுமையானது. நாளைக்கு 4 முறைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்பட்டால் பதனப்பொருள் சேர்க்காததை வாங்குங்கள். பென்ஸல்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருள் நாளடைவில் கருவிழியின் மேற்பரப்பை அரிக்கும்.

டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் போன்ற வலிநிவாரணச் சொட்டுகளைத் தானாக விடவே கூடாது. வறண்ட கண்ணில், முடக்குவாதமும் சேர்ந்திருக்கையில், இவற்றால் கருவிழி கரைந்துபோனதுண்டு. கண்புரை அறுவைக்குப் பின் இந்தச் சொட்டுகளை எழுதித் தருவது வழக்கம் என்பதால், அறுவைக்கு முன்பே நோயைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு சொட்டைப் பழைய சீட்டில் வாங்குவது

கூடாது. கண் அழுத்தம் ஏறும், புரை வளரும். இரண்டும் முதலில் தெரியாது.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு எடை பார்க்காதது

முடக்குவாதத்துக்குத் தரும் இந்த மாத்திரை அளவு மீறினால் விழித்திரையைக் கெடுக்கும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.தான் உச்சம். 50 கிலோ உள்ளவருக்கு 250 மி.கி. ஆகிறது, அவர் தினமும் 400 மி.கி. விழுங்கினால் மிகை. தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை, 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேனும் பார்வைப்புலச் சோதனையும் வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களும் மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரை எடுப்பவர்களும் 5 ஆண்டு காத்திருக்கக் கூடாது. பார்வை மங்கட்டும், பிறகு போகலாம் என்பதும் தவறு: மங்கும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும், மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. அதே சமயம், பயந்து தானாக நிறுத்துகிறவர்களுக்கு மூட்டுநோய் மீண்டும் தலைதூக்கும்.

கண் மருத்துவரிடம் முடக்குவாதத்தைச் சொல்லாதது

எத்தனை ஆண்டாக நோய், என்னென்ன மாத்திரை, எவ்வளவு அளவு: கண்ணைக் காட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்.