டோக்கியோவில் முதல் குளிர்காலம்: ஹீட்டர், இட்லி மாவு, பிலிம் ரோல்

புதிதாக டோக்கியோ வருபவர்கள் ஆசையாகக் கேட்பது, "பனி எப்போது கொட்டும்?" என்றுதான். அநேகமாகக் கொட்டாது. சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, நடுவிலுள்ள மலைகளில் மோதி, நீகாதா பக்கமே பனியை இறக்கிவிடும். நமக்கு வருவது வறண்ட காற்றும் பளிச்சென்ற வெயிலும். ஜனவரியில் பகலில் 10 டிகிரி இருக்கும், விடியற்காலையில் 1, 2 டிகிரிக்கு இறங்கும். ஒரு நல்ல ஜாக்கெட்டும் உள்ளே 'ஹீட்டெக்' எனும் சூடு காக்கும் பனியனும் போதும்.

குளிர் நம்மை மடக்குவது வீட்டுக்குள்தான். பழைய அபார்ட்மென்ட்களில் ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடிதான். வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. இருக்கிற அறைக்கு மட்டும் ஏசியையே 'டம்போ'வில் (சூடாக்கும் முறையில்) போட வேண்டும். மண்ணெண்ணெய் ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் அதற்குத் தடை உண்டு. என்னைக் கேட்டால் முதல் சம்பளத்தில் ஒரு கொதாட்சு வாங்குங்கள். குட்டை மேசை, அடியில் ஹீட்டர், மேலே மெத்தைப் போர்வை. கால் நீட்டி உட்கார்ந்தால் எழ மனசு வராது. மிதமான சூட்டில் வைத்து மாவுப் பாத்திரத்தை உள்ளே தள்ளிவிட்டால் இட்லி மாவும் பொங்கும். சமையலறையில் வைத்தால் மறுநாள் மாலையும் அது அப்படியேதான் கிடக்கும்.

காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். விட்டால் திரைச்சீலை பூசணம் பிடிக்கும். கடைகளில் கொதிக்கும் ஓடென் எனும் குழம்புப் பண்டம் பார்க்கச் சைவம்போல இருந்தாலும் குழம்பில் மீன் சாறு உண்டு.

டிசம்பர் தொடக்கத்தில் நாலரைக்கே இருட்டிவிடும். ஆபீஸ் போகிறவர்களுக்கு வாரநாளில் வெயிலே கண்ணில் படாது. சனி, ஞாயிறும் போர்வைக்குள்ளேயே கழிந்தால் மனசு சோர்ந்துவிடும். வெளியே இழுக்க ஒரு காரணம் வேண்டும். என் சிபாரிசு பிலிம் கேமரா. எல்லோரும் சக்குரா (செர்ரிப் பூ) காலத்துக்காகக் காத்திருப்பார்கள். படத்துக்கு அதைவிடக் குளிர்காலமே மேல் என்பேன். டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலும் சூரியன் 31 டிகிரிக்கு மேல் ஏறாது. நாள் முழுக்கச் சாய்ந்த வெயில், நீள நீள நிழல். கசாய் ரின்காய் பூங்காவிலிருந்து தெளிவான காலையில் ஃபுஜி மலையும் தெரியும்; நிஷி கசாயில் குடியேறும் நம்மவர்களுக்கு அது பக்கம்தான்.

பழக, ஃபுஜிஃபிலிமின் 'உத்சுருன்தெசு' போதும். 1986-இல் வந்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கேமரா. 27 படம் எடுக்கலாம். பிடித்துப்போனால் ஷின்ஜுகு, நக்கானோ பக்கத்துப் பழைய கேமராக் கடைகளுக்குப் போங்கள். 'ஜங்க்' என்று எழுதிய கூடையில் உள்ளதற்கு உத்தரவாதம் கிடையாது, வேடிக்கை மட்டும் பாருங்கள். வேலை விசாக்காரர்களுக்கு டாக்ஸ் ஃப்ரீயும் இல்லை, 10% வரி சேர்த்தே கணக்குப் போடுங்கள். குளிருக்கு நிகான் எஃப்எம்2 போன்ற மெக்கானிக்கல் கேமரா நல்லது. அதில் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். கேனான் ஏஇ-1 அழகுதான், ஆனால் குளிரில் பேட்டரி படுத்துவிட்டால் ஷட்டரே விழாது.

வெளியில் சுற்றிவிட்டுச் சூடான ராமென் கடைக்குள் நுழையுமுன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். வறண்ட குளிரில் பிலிமை வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் பொறிந்து, படத்தில் கிளை கிளையாகக் கோடு விழலாம், மெதுவாகச் சுற்றுங்கள். தப்பித் தவறிப் பனி பெய்தால் மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி எடுங்கள். மீட்டரை நம்பினால் வெண்பனி சாம்பலாகத்தான் வரும்.

டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை வார்டு ஆபீஸ் மூடியிருக்கும், குப்பை வண்டியும் சில நாள் வராது. குடியேறிய 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பதால் டிசம்பரில் வருபவர்கள் தள்ளிப்போட வேண்டாம். பிலிம் கழுவும் லேப்களும் ஆண்டிறுதியில் மெதுவாகும். கலர் நெகடிவைப் பல கடைகளில் அன்றைக்கே கழுவித் தருவார்கள். கறுப்பு வெள்ளை வெளியே போய் வர நாளாகும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எடுத்த ரோலை டிசம்பர் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள். கழுவாத ரோல் மிஞ்சினால் கைப்பையில் வைத்து, விமான நிலையத்தில் ஸ்கேனருக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் பிலிமைப் பாழாக்கிவிடும்.