பழைய அமெரிக்க பாட்டில் சில்லின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒஹாயோவில் ஒரு பழைய பண்ணை வீட்டைத் தோண்டியபோது கிடைத்த பொருட்களைக் கழுவி, சீட்டு எழுதி, பையில் போடும் வேலைக்கு இரண்டு கோடையாகச் சனிக்கிழமைகளில் போய்வருகிறேன். சம்பளம் கிடையாது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வேலை. முதல் மாதம் ஒரு ஜாடித் துண்டின் சீட்டில் 1858 என்று எழுதிவிட்டேன். கண்ணாடியிலேயே அந்த எண் இருந்தது. ஆனாலும் அது தவறு. அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசை இது.

முதலில் ஒன்று: கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான நிலத்திலிருந்து பழம்பொருள் எதையும் எடுக்காதீர்கள். 1979-ஆம் ஆண்டின் தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி நூறு வயது கடந்த தொல்பொருட்களை அங்கிருந்து எடுப்பது குற்றம்.

1. கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பல் துலக்கும் பிரஷ் போதும். சோப்பு வேண்டாம். மண்ணில் புதைந்து கிடந்த கண்ணாடியின் மேல் வானவில் நிறத்தில் ஓர் ஏடு படிந்திருக்கும். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். கண்ணாடியே சிதைந்து அப்படி ஆகியிருக்கிறது. தேய்த்தால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

2. அச்சுக் கோட்டைப் பின்தொடருங்கள்

அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் கண்ணாடியில் விழும் மெல்லிய கோடுதான் அச்சுக் கோடு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சின்ன டார்ச், கறுப்புச் சார்ட் தாள். இவ்வளவுதான் கருவி. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கோடு எங்கே முடிகிறது என்பது அதில் சரியாகத் தெரியாது.

டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தோளிலிருந்து கழுத்து வழியாக நகத்தை மேலே ஓட்டுங்கள். கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால், வாயை ஒரு தொழிலாளி கையால் முடித்திருக்கிறார். அதுவே வாயின் மேலேயும் ஏறிப் போனால் இயந்திரத்தின் வேலை. ஒஹாயோவின் டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் 1903-இல் முழுத் தானியங்கி பாட்டில் இயந்திரத்தை உருவாக்கினார். ஆனாலும் கைவேலை ஒரே நாளில் நின்றுவிடவில்லை. 1910-கள் வரை இரண்டும் சேர்ந்தே நடந்தன.

அடியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கரடுமுரடான தழும்பு இருந்தால், ஊதிய பாட்டிலை இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்திருந்த இடம் அது. பெரும்பாலும் 1860-களுக்கு முந்தையது. நடுவை விட்டு விலகி, இறகு போன்ற விளிம்போடு ஒரு வட்டம் தெரிந்தால் ஓவன்ஸ் இயந்திரம். கோடே இல்லாமல் மெல்லிய கிடை வளையங்கள் மட்டும் இருந்தால் அச்சே இல்லாமல் ஊதியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அச்சுக்குள்ளேயே சுழற்றிக் கோட்டை அழித்திருக்கலாம்.

3. நான் தடுக்கி விழுந்த இடம்: மேசன் ஜாடி

அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பழம், காய்கறியைப் பதப்படுத்தி வைத்த திருகுமூடி ஜாடி இது. ஜான் லாண்டிஸ் மேசன் 1858 நவம்பர் 30 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காப்புரிமை காலாவதியான பிறகும், பல நிறுவனங்கள் அதே தேதியை ஜாடியில் அச்சடித்துக்கொண்டே இருந்தன. இருபதாம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது. ஆக, அது காப்புரிமையின் தேதி. ஜாடியின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் கையில் இருந்தது உள்ளங்கை அகலத் துண்டு. வெளிர் நீலப்பச்சை நிறம். எழுத்துகள் முழுசாக இருந்ததால் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஓர் அங்குலம் வாய் விளிம்பு மிச்சமிருந்ததை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் வந்து, என் விரலைப் பிடித்து அந்த விளிம்பில் வைத்தார். வழவழவென்று இருந்தது. அச்சுக் கோடும் அதன் மேல் ஏறிப் போனது.

கையால் ஊதிய ஜாடியில், வாய்க்கு மேலே மிஞ்சிய கண்ணாடியை உடைத்துவிட்டு, விளிம்பைச் சாணைபிடித்துச் சமன் செய்வார்கள். விரல் வைத்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். வழவழப்பாக இருந்தால் இயந்திரம். அகல வாய் ஜாடிகளை இயந்திரத்தில் செய்யத் தொடங்கியது 1890-களில்தான். ஆகவே என் சீட்டு முப்பது ஆண்டுக்கு மேல் தவறு. இப்போதெல்லாம் எழுத்தைப் படிக்கும் முன் விளிம்பைத் தொடுகிறேன்.

4. நிறம்

இதைக் கடைசிச் சாட்சியாக வையுங்கள். நீலப்பச்சை வருவது மணலில் உள்ள இரும்பால். அது எல்லாக் காலத்திலும் உண்டு. உதவுவது இளம் ஊதா. கண்ணாடியை நிறமற்றதாக்க மாங்கனீசு சேர்த்தார்கள். பல ஆண்டு வெயில் பட்டதும் அது ஊதாவாக மாறும். பெரும்பாலும் 1880-களிலிருந்து முதல் உலகப்போர் காலம் வரை.

*பிற்சேர்க்கை:* இணையத்தில் வாங்கிய அடர் ஊதா பாட்டிலைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கதிர்வீச்சு கொடுத்து அப்படி நிறம் ஏற்றி விற்கிறார்கள். அந்த நிறத்தை வைத்து வயது சொல்ல முடியாது. பிளாக் லைட்டில் (புற ஊதா விளக்கில்) பச்சையாக ஒளிர்வது கண்ணாடியில் சேர்த்த யுரேனியமா என்று இன்னொருவர் கேட்டார். மங்கலான பச்சை மாங்கனீசுக்கும் வரும். யுரேனியம் பளீரென்று ஒளிரும்.

5. அடியிலுள்ள குறிகள்

சாய்சதுரமும் நீள்வட்டமும் பின்னி, நடுவில் ஆங்கில 'ஐ' இருந்தால் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் நிறுவனம். 1929-இல் தொடங்கியது. குறியின் இடப்பக்க எண் ஆலை, வலப்பக்க எண் ஆண்டு. வெறும் 5 என்றிருந்தால் 1935-ஆ 1945-ஆ என்ற குழப்பம் வரும். 'டூராகிளாஸ்' என்று கையெழுத்துப் பாணியில் இருந்தால் 1940 அல்லது அதற்குப் பிறகு. மதுபாட்டிலில், மறுபடி விற்பதோ பயன்படுத்துவதோ கூட்டாட்சிச் சட்டப்படி தடை என்ற வாசகம் இருந்தால் 1935-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது.

6. பக்கத்தில் கிடந்தது என்ன?

பாட்டில் சொல்வது, 'இதற்கு முன் நான் இல்லை' என்பதை மட்டும்தான். ஒரு ஜாடியைப் பாட்டியும் பேத்தியும் மாறி மாறிப் பயன்படுத்தியிருக்கலாம். அதனால் அதே மண் அடுக்கில் கிடந்த தட்டுச் சில்லுகளையும் பாருங்கள். அடியில் 'இங்கிலாந்து' என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று 1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி வரிச்சட்டம் சொன்னதுதான் காரணம். அடுக்கில் ஆகப் புதிய பொருள் எதுவோ, அதற்குப் பிறகுதான் அந்த அடுக்கு விழுந்தது.

7. உடனே பதிவு செய்யுங்கள்

நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதியில் 1991-இல் தோண்டத் தொடங்கி, சுமார் 8,50,000 பொருட்களை எடுத்தார்கள். ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் தட்டுகள், கோப்பைகள், பாட்டில்கள். அவற்றை உலக வர்த்தக மையத்தின் ஆறாம் கட்டிடத்தில் வைத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11-இல் ஏறக்குறைய எல்லாம் போயின. வெளியே இரவல் கொடுத்திருந்த 18 மட்டும் தப்பின. அந்த வீடுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிவது, முன்பே எழுதிவைத்த குறிப்புகளாலும் படங்களாலும்தான்.

அதனால் கறுப்புத் தாளில் வைத்து, அளவுகோலோடு, வாய், பக்கம், அடி என மூன்று படம் எடுங்கள். பைக்குள் போடும் சீட்டில் தோண்டிய குழி, அடுக்கு, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால், ஈரம் பட்டதும் கரைந்துவிடும்.