விழுந்து எழுந்த பெரியவர்களுக்கு மைண்ட்ஃபுல்னெஸ்: நாற்காலியிலிருந்து தொடங்கும் செய்முறை

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகும், அம்மா சுவரைப் பிடிக்காமல் ஓரடிகூட வைக்க மறுத்தார். பயத்தில் உடம்பு விறைக்கும், அடி சிறுத்துப்போகும், கண் தரையை விட்டு அகலாது. நடமாட்டம் குறையக் குறையத் தொடைத் தசையும் மெலியும். மறுபடி விழ அதுவே வழிசெய்யும். அந்தப் பயத்தோடு பழகுவதற்குத்தான் இந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி; உடம்பிலும் மனதிலும் இந்தக் கணம் நடப்பதை மாற்ற முயலாமல் அப்படியே கவனிப்பதுதான் அது. காலுக்கு வலுவும் சமநிலையும் தரும் உடற்பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி தனியாகச் செய்தே ஆகவேண்டும்.

தொடங்கும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், தலைசுற்றலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். மாத்திரைகளையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தேவையானது கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி, சுவரோரமாக. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், எழும்போது பின்னால் நகரும். காலில் வழுக்காத செருப்பு, குதிகாலில் வார் வைத்தது. செல்போன் ஆப் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழகிய குரல் பக்கத்திலிருந்து சொல்வதுபோல் வராது.

முதல் வாரம் உட்கார்ந்தபடியே. 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் வகுத்த எட்டு வாரப் பயிற்சியில், உடம்பு முழுக்கக் கவனத்தை நகர்த்தும் பகுதி முக்கால் மணி நேரம் ஓடும். நம் பெரியவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும்: உள்ளங்கால், முழங்கால், இருக்கையில் பதியும் தொடை, மூச்சு. கண்ணை மூடச் சொல்லாதீர்கள். விழுந்தவர்களுக்குக் கண்ணை மூடினாலே தள்ளாடுவதுபோல் இருக்கும். எதிரே ஒரு காலண்டரோ சாமி படமோ பார்த்தால் போதும்.

அடுத்தது எழுந்திருப்பது. எங்களுக்கு அதிக நாள் பிடித்த இடம் இதுதான். அம்மா எழும்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே உந்தாக எழுவார். நின்றதும் கை சுவரைத் தேடும். அதனால் எழுவதையே துண்டு துண்டாகப் பிரித்தோம். இருக்கையின் நுனிக்கு வரவேண்டும். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுக்கவேண்டும். கைப்பிடியை அழுத்தி, மூச்சை விட்டபடியே எழவேண்டும். பின்னங்கால் நாற்காலியில் பட நின்று, நிதானமாக மூன்று மூச்சு. நீங்கள் பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

அப்போதுதான் பயம் வரும். "பயப்படாதீங்க" என்று சொல்வதால் பயனில்லை.

"இப்ப பயம் எங்க இருக்கும்மா?"

"நெஞ்சு படபடங்குது."

"சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும். உள்ளங்கால்ல என்ன தெரியுது?"

"செருப்பு அழுத்துது. இடது கால்ல பாரம் ஜாஸ்தி."

பயத்தை விரட்டாமல், அது இருக்கும்போதே கவனத்தைக் காலுக்குக் கொண்டுவரும் பழக்கம் இது. படபடப்பு அடங்கும்வரை நிற்கலாம், உட்கார்ந்தும் விடலாம்.

நிற்பது பழகியபின் நடை. தியானப் புத்தகங்கள் காலைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று ஒவ்வொன்றையும் கவனிக்கச் சொல்லும். விழுந்தவருக்கு இது ஆகாது; காலை அவ்வளவு கண்காணித்தால் நடை இன்னும் விறைக்கும். பத்தடி முன்னால் பார்த்து, செருப்பு தரையில் படும் சத்தத்தை மட்டும் கேட்டால் போதும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். நடந்துகொண்டே பேசச் சொன்னால் நின்றுவிடுகிற முதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். போன் மணி அடித்தால் உட்கார்ந்துதான் எடுக்கவேண்டும். இதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: சர்க்கரை நோயால் அப்பாவுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கிறது, உள்ளங்காலை எப்படிக் கவனிப்பது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்குக் கைதான் வழி: நாற்காலிக் கைப்பிடியின் அழுத்தம், நடக்கும்போது வாக்கரின் பிடி. மரத்த பாதத்தில் காயம் பட்டாலும் தெரியாது என்பதால், பயிற்சி முடிந்ததும் செருப்பைக் கழற்றி இரண்டு பாதங்களின் அடியையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.