சிறிய நாய்களின் பல் நோய்: கண்டறிவதும் கவனிப்பதும்

நாய் வழக்கம்போலச் சாப்பிடுகிறது, ஆகவே பல்லில் குறை ஏதும் இருக்காது என்று நம்பிவிடுவதால்தான் சிறிய நாய்கள் பல மாதக்கணக்கில் வலியோடு இருக்க நேர்கிறது. பல்வலிக்காக நாய் எளிதில் பட்டினி கிடக்காது. நோகும் பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் மெல்லும், அல்லது மெல்லாமலே விழுங்கிவிடும். கிண்ணம் காலியாவதைப் பார்த்து ஆறுதல் கொள்ளாமல், வாயைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெரிய நாயோ சிறிய நாயோ, வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42தான். பொமரேனியன், ஷி ட்சு, சிவாவா, யார்க்ஷயர் டெரியர் போன்றவற்றின் குறுகிய தாடையில் அத்தனையும் நெருக்கியடித்து நிற்பதால், இடுக்குகளில் உணவும் கிருமிகளும் தங்கிவிடுகின்றன. சுமார் ஆறு, ஏழு மாத வயதில் பால்பற்கள் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். அதன் பிறகும் பால் கோரைப்பல் புதுப்பல்லை ஒட்டி நின்றால், தானாக விழட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

வாரம் ஒருமுறை, வெளிச்சம் உள்ள இடத்தில் நாயை மடியில் வைத்து, வாயைப் பிளக்காமல் மேலுதட்டை மட்டும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கன்னத்தின் உட்பக்கம், மேல்வரிசையில் பின்னால் உள்ள பெரிய பல்லில்தான் காரை எனப்படும் கெட்டியான படிவு முதலில் படியும். உமிழ்நீர் அதனருகே சுரப்பதே காரணம். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் மெல்லிய சிவப்புக்கோடு தெரிந்தால் அது ஈறு அழற்சி. இந்த நிலையில் கவனித்தால் ஈறு முழுமையாகத் தேறிவிடும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் இழந்தது திரும்பாது. வாய் நாற்றத்தை நாய்க்கு இயல்பானது என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலும் அதுதான் முதல் அறிகுறி. முகத்தைத் தொட்டால் விலகுவது, பொம்மையில் ரத்தக்கறை, ஒரு பக்கம் மட்டும் மெல்லுவது ஆகியவையும் கவனத்துக்குரியவை.

பல்லின் மேல் படியும் மெல்லிய கிருமிப்படலம் இரண்டு மூன்று நாள்களில் கெட்டிப்பட்டுக் காரையாகிவிடுவதால், தினமும் துலக்குவதற்கு ஈடான வேறு வழி இல்லை. முதல் சில நாள்கள் விரலால் உதட்டின் உட்புறத்தைத் தடவிப் பழக்கிவிட்டு, பிறகு மென்மையான சிறிய பிரஷை ஈறு விளிம்பில் சாய்வாக வைத்து, பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும் துலக்கினால் போதும். நாய்களுக்கென்று விற்கப்படும் பேஸ்டையே பயன்படுத்த வேண்டும். மனிதர்களுக்கான பேஸ்ட் சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டெனக் குறைத்து உயிருக்கே உலை வைக்கும். ஈறு ஏற்கெனவே வீங்கியிருந்தால் துலக்குவது வலியைத் தந்து, நாய் பிரஷைக் கண்டாலே ஓடும்படி செய்துவிடும். முதலில் சிகிச்சை, பிறகு பிரஷ் என்பதே முறை. கடிக்க எலும்பும் கொம்பும் கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் சற்றும் பதியாத பொருள் பல்லைப் பிளந்துவிடக்கூடும்.

படிந்துவிட்ட காரையை வீட்டில் சுரண்டி எடுத்தால் பல் வெள்ளையாகத் தெரியும், ஆனால் ஈறுக்குள் நடக்கும் அழிவு அப்படியே தொடரும். முறையான சுத்திகரிப்பு மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியிலும் செய்யப்பட வேண்டியது. மயக்க மருந்து குறித்த அச்சம் நியாயமானதே. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்துகொண்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். மிகச் சிறிய நாய்களை நெடுநேரம் வெறும் வயிற்றில் வைத்தால் சர்க்கரை குறைந்துவிடலாம் என்பதால், எத்தனை மணி நேரம் உணவு கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குக் கீழே வீக்கம், ஒரு மூக்குத்துளையில் மட்டும் சளியோ ரத்தமோ ஒழுகுவது, வாயை மூட முடியாமல் தவிப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். முதலாவது பல்வேரில் சீழ் கட்டியதாலும், இரண்டாவது மேல் கோரைப்பல்லின் வேர் அழுகி மூக்குவரை துளை விழுந்ததாலும் ஏற்படலாம். மூன்றாவது, எலும்பு கரைந்து மெலிந்த கீழ்த்தாடை முறிந்ததாகவும் இருக்கலாம்.