வீட்டு ரிப்பேர் பில் நியாயமான்னு பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், கொத்தனார், பெயிண்டர்னு யார் வீட்டுக்கு வந்தாலும் நம்ம ஊர்ல வேலை முடிஞ்சு கிளம்புற நேரத்துலதான் காசு பேச்சே வரும். "எவ்ளோ ஆச்சுண்ணே?" "நீங்களே பார்த்து குடுங்க சார்." முக்கால்வாசி மனக்கசப்பு இந்த இடத்துலதான் ஆரம்பிக்குது. அவர் மனசுல ஒரு தொகை இருக்கும், உங்க மனசுல வேற ஒண்ணு இருக்கும், நீங்க 300 நீட்டினா அவர் முகம் சுருங்கும், அவர் 800 கேட்டா உங்களுக்கு ஏமாத்துறாருன்னு தோணும், கடைசில ரெண்டு பேருமே எந்த தப்பும் பண்ணாம ரெண்டு பேருக்கும் கசப்பு. கூலி பேசாம வேலையில கை வைக்க விடுறதுதான் முதல் தவறு. போன் பண்ணும்போதே மூணு விஷயம் கேட்டுடுங்க: வந்து பார்க்க எவ்ளோ, சரி பண்ண எவ்ளோ, சாமான் அதுல சேர்த்தியா தனியா. வேலை குடுத்தா அந்த பார்க்கிற சார்ஜை கழிச்சுப்பாங்களான்னும் கேளுங்க, நிறைய பேர் கழிப்பாங்க, ஆனா கேட்டாத்தான்.

அடுத்தது நம்ம எல்லார் வாயிலயும் வர்றது, "பத்து நிமிஷ வேலைக்கு 500 ரூபாயா?" நிமிஷக் கணக்குல பில்லை அளக்காதீங்க. அந்த பத்து நிமிஷத்துக்கு முன்னாடி அவர் வண்டியில பெட்ரோல் போட்டு டிராஃபிக்ல வந்திருக்கார், டூல்ஸ் அவரோடது, கடைக்கு போய் சாமான் வாங்கிட்டு வந்த நேரம் அவரோடது, உங்க வேலை முடிஞ்சு அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்கிற நேரமும் அவரோடதுதான். வேலை தெரிஞ்சவருக்கு பத்து நிமிஷம் ஆகும், தெரியாதவருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், ரெண்டாவது ஆளுக்கு அதிகம் குடுக்கிறது எந்த ஊர் நியாயம்? எலக்ட்ரிக்கல் வேலையில இது நல்லாவே தெரியும். ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனா தானா சப்ளையை வெட்டுற சேஃப்டி ஸ்விட்ச், அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு வைங்க, ஒவ்வொரு சர்க்யூட்டா கழட்டி, கெய்சர் எலிமெண்ட் லீக்கா, எங்கயாவது நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கான்னு தேடி கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம் கூட ஆகலாம், மாத்துற பொருள்னு பார்த்தா ஒண்ணுமே இருக்காது. அங்க நீங்க காசு குடுக்கிறது கண்டுபிடிச்சதுக்குத்தான். "ஒரு ஸ்பேரும் மாத்தலயே, எதுக்கு இவ்ளோ?"ன்னு கேட்டா அடுத்த தடவை அவர் தேவையில்லாத ஒரு ஸ்பேரை மாத்திட்டு பில்லை அதுக்குள்ள ஒளிச்சு வைப்பார், அப்படி பழக்கி விடுறது நாமதான்.

அப்போ எதை வச்சுதான் பார்க்கிறது? பில்லை உடைச்சு பார்க்கணும். சாமான் எவ்ளோ, கூலி எவ்ளோ, ஏத்து கூலி மாதிரி மத்த செலவு எவ்ளோ, இதுல எது எதுக்காக ஆச்சு. மொத்தமா 6,500னு ஒரே வரில எழுதின பில் அதிகமா கம்மியான்னு யாராலயும் சொல்ல முடியாது. உடைச்சு எழுதிட்டா பாதி சந்தேகம் அங்கயே தீர்ந்துடும், மீதியை கேட்டு தெரிஞ்சுக்கலாம்.

சாமான் விஷயத்துல ரெண்டு பக்கமும் தவறு நடக்குது. கடைல 420 ரூபா இருக்கிற டேப்பை அவர் 480 போட்டா உடனே திருட்டுன்னு சொல்லிடாதீங்க, போய் வாங்கி வந்து, சரியில்லன்னா மாத்தி குடுக்கிற பொறுப்பையும் அவர் எடுத்துக்கிறார், அதுக்கு கொஞ்சம் வைக்கிறது வழக்கம்தான். ஆனா டப்பால இருக்கிற எம்ஆர்பியை தாண்டினா கேட்டே ஆகணும். எம்ஆர்பில எல்லா வரியும் அடக்கம், அதை போட்டுட்டு அதுமேல 18% ஜிஎஸ்டி ஏத்தினா தப்பு. அதனால டப்பாவையும் கடை பில்லையும் கேட்டு வாங்கி வைங்க, வாரண்டிக்கும் அதுதான் வேணும். கழட்டின பழைய பொருளையும் கேளுங்க. சிங்கிள் லீவர் டேப் ஒழுகுதுன்னா நிறைய நேரம் உள்ள இருக்கிற கார்ட்ரிட்ஜ் மட்டும் மாத்தினாலே போதும், மொத்த டேப்பையும் மாத்தணும்னு சொன்னா பழசை கையில வாங்கி பார்த்தாத்தானே காரணம் கேட்க முடியும். ஃபேன் மெதுவா சுத்துதுன்னா முதல்ல கபாசிட்டர் பார்த்தீங்களான்னு கேளுங்க, சாதாரண சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் போடுவாங்க, விலை ரொம்ப கம்மி. அதை பார்க்காமலே காயில் போயிடுச்சு, ரீவைண்டிங் பண்ணணும், அதாவது கம்பியை புதுசா சுத்தணும்னு சொல்றவங்களும் இருக்காங்க.

அதிகமா காசு போற இடம் ஏசிதான், அதனால இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன். வருஷா வருஷம் மார்ச் ஏப்ரல்ல சர்வீஸுக்கு வர்றவர் "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப் அப் பண்ணிடலாமா"ன்னு கேப்பார், நாமளும் தலையாட்டிடுவோம். ஏசில இருக்கிற கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற பொருள் கிடையாது. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்தி சுத்தி வருது. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம். லீக்கை அடைக்காம கேஸ் மட்டும் ஏத்தினா கொஞ்ச நாள்ல அதுவும் போயிடும், அடுத்த சீசனுக்கு மறுபடியும் அதே பில். அதனால கேஸ் கம்மின்னு யாராவது சொன்னா அவங்க பிரஷர் கேஜ் மாட்டி பார்த்தாங்களான்னு முதல்ல பாருங்க. ஃபில்டரும் காயிலும் அழுக்கா இருந்தாலே கூலிங் குறையும், ஐஸ் கூட கட்டும், அதுக்கு சர்வீஸ் பண்ணினாலே சரியாகும். உண்மையிலயே லீக்னா எங்கன்னு காட்ட சொல்லுங்க, சோப்பு நுரை போட்டாலோ நைட்ரஜன் ஏத்தி பார்த்தாலோ தெரியும், பெரும்பாலும் குழாய் நட்டு சேர்ற இடம் இல்லன்னா காயில். கடலோரம் வீடுன்னா காயில் சீக்கிரம் அரிக்கும், அங்க லீக் வர்றது சகஜம்தான்.

லீக்கை அடைச்சதுக்கு அப்புறம் வேக்கம் போட்டு, அதாவது குழாய்க்குள்ள இருக்கிற காத்தை பம்ப் வச்சு இழுத்துட்டு, எடை பார்த்து கேஸ் ஏத்தணும். எந்த கேஸ், எத்தனை கிராம்னு அவுட்டோர் யூனிட்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும், ஆர் 32வா ஆர் 410ஏவா ஆர் 22வான்னு பார்த்து போன்ல போட்டோ எடுத்து வைங்க. 700 கிராம் பிடிக்கிற மெஷினுக்கு ஒன்றரை கிலோ பில் வந்தா அப்போ கேள்வி கேட்க கையில ஆதாரம் இருக்கும். ஆர் 410ஏ ரெண்டு கேஸ் கலந்தது, லீக் ஆனதுக்கு மேல டாப் அப் பண்ணாம மிச்சத்தை எடுத்துட்டு முழுசா ஏத்தறதுதான் முறை, அதனால அந்த மெஷினுக்கு முழு சார்ஜ் கேட்டா அது நியாயம்தான். லீக் பார்த்தது, வெல்டிங், வேக்கம், கேஸ், எல்லாத்தையும் தனித்தனியா எழுதி குடுக்கிறவர் கொஞ்சம் அதிகமா வாங்கினாலும் நான் அவரைத்தான் கூப்பிடுவேன்.

பெயிண்டிங்ல தவறு அளவுலதான். "எங்க வீடு 800 ஸ்கொயர் ஃபீட்டு தானே, பெயிண்டர் 3,000க்கும் மேல போட்டிருக்கார்"னு பதறுறவங்க நிறைய. வீட்டோட தரை அளவு வேற, பெயிண்ட் அடிக்கிற பரப்பு வேற. ஒரு ரூம் 10க்கு 12, உயரம் 10 அடின்னு வைங்க. நாலு சுவர் 440 சதுர அடி, மேல சீலிங் 120, மொத்தம் 560. தரை வெறும் 120தான். அப்போ மூணு நாலு மடங்கு, சில ரூமுக்கு அதுக்கு மேலயும் வர்றது இயல்பு. சந்தேகம் வர வேண்டியது கதவு ஜன்னல் கழிக்கிறதுல. இந்திய அளவீட்டு முறை ஐஎஸ் 1200ன்னு ஒண்ணு இருக்கு, அதுபடி அரை சதுர மீட்டர் வரைக்கும் இருக்கிற சின்ன ஓட்டைக்கு கழிக்க வேண்டாம், அரையில இருந்து 3 சதுர மீட்டர் வரைக்கும் சுவரோட ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்கணும், அதுக்கு மேல போனா ரெண்டு பக்கமும் கழிச்சுட்டு ஓர விளிம்பு அடிக்கிறதை தனியா சேர்க்கணும். சாதாரண 3க்கு 7 கதவு சுமார் 2 சதுர மீட்டர், அதனால ஒரு பக்கம் கழிச்சா போதும். "கதவுக்கு ரெண்டு பக்கமும் கழிக்கல"ன்னு பெயிண்டர்கிட்ட சண்டை போடுறவங்க இதை தெரிஞ்சுக்கணும், எதையுமே கழிக்காத பெயிண்டரும் தெரிஞ்சுக்கணும். டேப் பிடிச்சு அளக்கும்போது கூட நில்லுங்க, ரூம் ரூமா ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க.

சதுர அடிக்கு ரேட் பேசும்போது அதுக்குள்ள என்னென்னன்னு கேட்காம விடுறது அதைவிட பெரிய தவறு. சுரண்டுறது, பட்டி எத்தனை கோட், பிரைமர் உண்டா, பெயிண்ட் எத்தனை கோட், எந்த கம்பெனியோட எந்த ரகம், வெளிப்பக்கம்னா சாரம் கட்டுறது யார் செலவு. ஒருத்தர் 14 சொல்றார், இன்னொருத்தர் 22 சொல்றார்னா ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தான் சொல்றாங்களான்னு பாருங்க, 14 சொன்னவர் பட்டியே சேர்க்காம இருக்கலாம். பெயிண்ட் நீங்க வாங்கி குடுக்கிறதா இருந்தா டப்பால லிட்டருக்கு எத்தனை சதுர அடின்னு போட்டிருக்கிறதை வச்சு கணக்கு போடுங்க. ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 அடின்னு இருந்தா அந்த 560 அடி ரூமுக்கு 10 லிட்டர் கிட்ட, 20 லிட்டர் பக்கெட் கேட்டா எதுக்குன்னு கேட்கலாம்.

மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங்கும் இப்படித்தான். ஐப்பசி மழை நெருங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்துல ஆள் தேடுவாங்க, ரேட் ஏறும், அவசரத்துல என்னென்ன வேலை சேர்த்தின்னு பேசாம விட்டுடுவோம். பழைய தட்டோடு எடுக்கிறது, விரிசல் அடைக்கிறது, வாட்டம் சரி பண்றது, கைப்பிடி சுவர் மூலை, எத்தனை கோட் இதெல்லாம் இல்லாம வெறும் ஸ்கொயர் ஃபீட் ரேட்டை வச்சு கம்மி, அதிகம்னு சொல்றது அர்த்தமே இல்லாதது. சித்திரை வைகாசில பண்ணிட்டு, தண்ணி கட்டி ஒருநாள் ரெண்டுநாள் நிறுத்தி பார்த்துட்டு மிச்ச காசை குடுக்கிறேன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

கொத்தனார் வேலைல நாள் கூலியா, மொத்தமா பேசுறதான்னு யோசிக்காம விடுவாங்க. எவ்ளோ இடிக்கணும்னு இடிச்சாத்தான் தெரியும்ங்கிற வேலைக்கு, உதாரணமா பாத்ரூம் லீக்கேஜ், மொத்தமா பேசினா அவர் பயத்துக்கு ஒரு தொகையை சேர்த்துதான் சொல்லுவார். அளவு தெரிஞ்ச வேலைக்கு, 200 அடி டைல்ஸ்னு வைங்க, நாள் கூலிக்கு விட்டா இழுத்துட்டு போகும். மூணாவது மாடிக்கு எம்சாண்ட் மூட்டையும் டைல்ஸும் ஏத்துற கூலி, இடிச்ச கழிவை அள்ளிட்டு போற வண்டி, இதெல்லாம் பில்லுல பின்னாடி வந்து முழிக்க வைக்கும், ஆனா நிஜமான செலவுதான், சித்தாள் முதுகுலதானே அதெல்லாம் ஏறுது.

போர் மோட்டார் விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன். மோட்டார் ஓடலன்னா மேல இருக்கிற பேனல் பாக்ஸ், கபாசிட்டர், கேபிள் எல்லாம் பார்த்தாச்சான்னு கேட்டுட்டு அப்புறம் தூக்க சொல்லுங்க, தூக்கி இறக்குற கூலியே ஆழத்தை பொறுத்து பெரிய தொகையாயிடும். ரீவைண்டிங்னா காப்பரா அலுமினியமான்னு எழுதி வாங்குங்க, பழைய காப்பருக்கு ஸ்கிராப் விலை உண்டு, ஒண்ணு அது உங்களுக்கு வரணும், இல்ல பில்லுல கழிக்கணும்.

"பில் வேணும்னா 18% எக்ஸ்ட்ரா ஆகும்"னு சொன்னா பயந்து வேண்டாம்னுடுவோம். பில்லும் ஜிஎஸ்டியும் ஒண்ணு கிடையாது. வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு கீழ வரவு இருக்கிற சர்வீஸ்காரர் பொதுவா ஜிஎஸ்டில பதிவு பண்ணவே வேண்டாம், பதிவு பண்ணாதவர் வரி வாங்கவும் கூடாது. வரி போட்டிருந்தா பில்லுல 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும், தமிழ்நாட்டுல பதிவானது 33ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டு பார்த்தா பேர் வரும். பதிவில்லாத தனி ஆள் ஒரு வெள்ளை பேப்பர்ல தேதி, செஞ்ச வேலை, சாமான், கூலி எழுதி கையெழுத்து போட்டா அதுவே ரசீதுதான். கேட்டும் ரசீது தர மாட்டேன்னு சொல்றதை 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் நியாயமற்ற வணிக முறைன்னே சொல்லுது.

எல்லாம் பேசி வேலையும் நல்லா முடிஞ்ச பிறகு "ஒரு 200 குறைச்சுக்கோங்க"ன்னு கூலில கை வைக்காதீங்க, இதை நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். பெரிய கடைல ஒரு ரூபா குறைக்காம வாங்கிட்டு வர்ற நாம வெயில்ல சாரத்துல நின்னவர்கிட்ட மட்டும் பேரம் பேசுறது சரியில்ல. பேரமெல்லாம் வேலைக்கு முன்னாடி. அதே மாதிரி வேலை நடுவுல கூடுதலா ஏதாவது வந்தா "இது எக்ஸ்ட்ரா, இவ்ளோ ஆகும்"னு அப்பவே சொல்லணும், வாட்ஸாப்ல ஒரு மெசேஜா இருந்தா போதும், சொல்லாம கடைசில சேர்த்தா குடுக்க முடியாதுன்னு தைரியமா சொல்லலாம்.

பில் பார்த்து இடிக்குதுன்னா சத்தம் போடாம "அண்ணே, இதை கொஞ்சம் பிரிச்சு எழுதி குடுங்க"ன்னு கேளுங்க. நேர்மையானவர் உட்கார்ந்து எழுதுவார். மழுப்புறார்னா வழக்கமான கூலியையும், கடை பில் இருக்கிற சாமானுக்கு உண்டான காசையும் உடனே குடுத்துட்டு, மிச்சத்துக்கு விளக்கம் கேளுங்க, காசு போன்லயே அனுப்பி எதுக்குன்னு குறிப்பும் போட்டு வைங்க. கம்பெனி, ஆப் மூலமா வந்தவங்கன்னா அங்க முதல்ல எழுதி புகார் குடுங்க. அதுவும் நடக்கலன்னா 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ல சொல்லலாம், அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்கு கட்டணமே கிடையாது, ஆனா அங்க போகும்போது மேல சொன்ன அந்த பேப்பர், போட்டோ, மெசேஜ் எல்லாம் கையில இருக்கணும்.